போர்டு வாங்கினா பிளேன் பறந்துடுமா?

போன இதழ்ல சன்போர்டு (ஃபோம் அட்டை) ரிமோட் பிளேன் கட்டுறது பத்தி எழுதினதுக்கு அப்புறம் வந்த கடிதங்கள்ல பெரும்பாலும் கேள்வி ஒண்ணுதான், பிளேனை நிமிர்த்திப் பிடிக்கிற ஃப்ளைட் கன்ட்ரோலர் போர்டு எது வாங்கலாம், வாங்கி என்ன பண்றது. ஒரே மாதிரி இருந்ததைத் தள்ளிட்டு அஞ்சை மட்டும் எடுத்திருக்கேன்.

அண்ணே, பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம் படிக்கிறேன். சன்போர்டுல டிரெய்னர் பிளேன் கட்டினேன். ஏ2212 1000 கேவி மோட்டார், 30 ஆம்ப் இஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தறது), நாலு எஸ்ஜி90 சர்வோ (றெக்கை, வால் மடிப்பை ஆட்டற குட்டி மோட்டார்), ஃப்ளைஸ்கை ஐ6 ரேடியோ (கையில பிடிக்கிற ரிமோட்). நாலு தடவை விட்டேன், நாலு தடவையும் மூக்கைத் தூக்கிட்டு ஒரு பக்கமா சுருண்டு விழுது. ஃப்ளைட் கன்ட்ரோலர் போட்டா சரியாகுமா? சீனியர் ஒருத்தர் பழைய ஏபிஎம் 2.8 போர்டு கம்மி விலைக்குத் தர்றேங்கிறார், வாங்கிடவா? - கரூர் வாசகர்

தம்பி, மூக்கைத் தூக்கிட்டு சுருண்டு விழுதுன்னு எழுதியிருக்கீங்களே, பதில் அதுலயே இருக்கு. வால் கனமா இருக்கு. பேட்டரி எல்லாம் மாட்டி, றெக்கையோட முன் விளிம்புல இருந்து அகலத்துல 25-லேர்ந்து 30 சதவீதம் அளந்து (றெக்கை 20 செ.மீ அகலம்னா 5-லேர்ந்து 6 செ.மீ) ரெண்டு பக்கமும் அந்த இடத்துல ஆள்காட்டி விரலைக் கொடுத்துத் தூக்கிப் பாருங்க. வால் கீழ தொங்குச்சுன்னா பேட்டரியை முன்னாடி தள்ளுங்க, சமமா நிக்கிற வரைக்கும், சொல்லப்போனா மூக்கு ஒரு நூல் கீழ சாய்ஞ்சாலும் நல்லதுதான். இதைச் செய்யாம எந்த போர்டைப் போட்டாலும் அதே கதைதான் நடக்கும். ஏன்னா இந்த விஷயத்துல போர்டு செய்யறது ஒண்ணே ஒண்ணு, பிளேன் சாய்ஞ்சா கைரோவை வச்சுக் கண்டுபிடிச்சு சர்வோவை ஆட்டும், அவ்வளவுதான். வேகம் போய் றெக்கை மேல காத்தே ஒட்டாம இருக்கும்போது அய்லரானை (றெக்கையோட பின் விளிம்பு மடிப்பு) எவ்வளவு ஆட்டினாலும் பிரயோஜனம் இல்ல, தண்ணி இல்லாத ஆத்துல துடுப்பு போடுற மாதிரிதான்.

சரி, பேலன்ஸ் பண்ணியாச்சு, கையால விட்டா நேரா சறுக்கிட்டுப் போய் இறங்குது, அப்புறம் போர்டு வேணுமான்னா, வேணும்னுதான் சொல்வேன். பக்கத்துல உக்காந்து சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத ஊர்ல புதுசா பழகுறவனுக்கு, ஸ்டிக்கை விட்டா பிளேன் தானா நிமிர்ந்துக்கறது பெரிய விஷயம். காத்து கொஞ்சம் அடிச்சாலும் கை நடுங்காது.

ஏபிஎம் வேணாம். ஒரு காலத்துல ராஜாவா இருந்த போர்டுதான், நானே அதுலதான் பழகினேன், ஆனா உள்ள இருக்கிறது 16 மெகாஹெர்ட்ஸ் 8 பிட் சிப். ஆர்டுபைலட்காரங்க அதுக்குப் புது சாஃப்ட்வேர் கொடுக்கறதை நிறுத்தியே பல வருஷம் ஆச்சு. இப்ப வர்ற எஃப்405 சிப் 168 மெகாஹெர்ட்ஸ், 32 பிட், ப்ரோகிராம் வைக்கிற மெமரியும் நாலு மடங்கு. சீனியர்கிட்ட சிரிச்சுக்கிட்டே வேணாம்னு சொல்லிடுங்க.

வாங்கும்போது 'விங்'னு பேர்ல இருக்கிற எஃப்405 போர்டா பாத்து வாங்குங்க. மேடெக், ஸ்பீடிபீ ரெண்டு கம்பெனியிலயும் வருது. குவாட்காப்டருக்குன்னு (நாலு ப்ரொப் ட்ரோன்) வர்ற சதுர போர்டு விலை கம்மியா இருக்கும், ஆனா அதுல சர்வோ சொருக இடம் இருக்காது, சர்வோவுக்குத் தனியா கரன்ட் இருக்காது, கடைசியில ஒவ்வொரு பேடா தேடித் தேடி சால்டர் பண்ணி விரலைச் சுட்டுக்கிட்டு உக்காந்திருப்பீங்க. உயரம் பாக்க பேரோமீட்டர், பேட்டரி கரன்ட் அளக்கிற சென்சார் இது ரெண்டும் போர்டுலயே இருக்கான்னு பாத்துக்கோங்க. காத்து வேகம் அளக்கிற பிட்டோ குழாய்லாம் இப்ப வேணாம். எச்743 சிப் வச்ச போர்டு 480 மெகாஹெர்ட்ஸ்ல ஓடும், அருமையான சாமான்தான், ஆனா நாலு சர்வோ பிளேனுக்கு அது மளிகைக் கடைக்குப் போக லாரி எடுக்கற கதை.

சாஃப்ட்வேர்ல முதல்ல ஐநேவ் போடுங்க. க்ளீன்ஃப்ளைட்ங்கற பழைய சாஃப்ட்வேர்ல இருந்து பிரிஞ்சு ஜிபிஎஸ், பிளேன் பக்கம் வளர்ந்தது, திரையில இருக்கறதைப் பாத்தே பாதி புரிஞ்சுடும். ஆர்டுபைலட் கடல், வே பாயின்ட் (போக வேண்டிய இடங்கள்) போட்டு ஊரையே சர்வே பண்ணலாம், ஆனா பாராமீட்டர் பட்டியலைப் பாத்தா முதல் நாளே தலை சுத்திடும். பீட்டாஃப்ளைட் ரேஸ் குவாட்காரங்களுக்கானது, அதைப் பிளேனுக்குப் போட்டு மல்லுக்கட்டாதீங்க.

போர்டை யூஎஸ்பில மாட்டினா லைட் எரியுது, கம்ப்யூட்டர்ல கனெக்ட் ஆகுது, ஆனா சர்வோ ஒண்ணு கூட அசையல. கம்ப்யூட்டர் திரையில ரிசீவர்னு இருக்கிற பக்கத்துலயும் எந்த பாரும் நகரல. போர்டு போயிடுச்சா? - கோவை வாசகர்

போகல சார். ரெண்டும் தனித்தனி விஷயம்.

சர்வோ அசையாதது சரியாத்தான் இருக்கு. விங் போர்டுல சர்வோவுக்குப் போற 5 வோல்ட் பேட்டரியில இருந்து தனி பெக் (வோல்டேஜைக் குறைச்சுக் கொடுக்கிற சர்க்யூட்) வழியா வருது, யூஎஸ்பி கரன்ட் பெரும்பாலான போர்டுல அந்தப் பக்கம் போகாது. ஒரு எஸ்ஜி90 சிக்கிக்கிட்டு நின்னா அரை ஆம்பியருக்கு மேல இழுக்கும், நாலு சேர்ந்து இழுத்தா யூஎஸ்பி தாங்காது, அதனாலதான் பிரிச்சு வச்சிருக்காங்க. ப்ரொப்பெல்லரைக் கழட்டிட்டு பேட்டரியை மாட்டுங்க, அசையும். ப்ரொப்பைக் கழட்டிட்டுன்னு சொன்னதை இன்னொரு தடவை படிச்சுக்கோங்க, 10 இஞ்ச் ப்ரொப் விரல்ல பட்டா தையல்தான்.

முதல் தடவை பேட்டரி மாட்டறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. பைக் இண்டிகேட்டர் பல்பு, 12 வோல்ட் பல்பு ஒண்ணை எடுத்து பேட்டரியோட சிவப்பு வயர்ல தொடரா வர்ற மாதிரி ஒரு ஜாயின்ட் பண்ணி அது வழியா கரன்ட் கொடுங்க. வயரிங் சரியா இருந்தா பல்பு ஒரு தடவை மினுக்கிட்டு மங்கிடும். பளிச்சுன்னு எரிஞ்சுக்கிட்டே இருந்தா எங்கேயோ ஷார்ட், உடனே புடுங்குங்க. ஒரு பல்பு போடாம நான் பொசுக்கின போர்டு விலையில ஒரு பெட்டி பல்பே வாங்கியிருக்கலாம்.

இன்னொண்ணு, இஎஸ்சியில இருந்து போர்டுக்கு வர்ற மூணு பின் கனெக்டர்ல நடு சிவப்பு வயரைக் கழட்டி டேப் சுத்தி ஒதுக்கி வைங்க. இஎஸ்சியில ஒரு பெக், போர்டுல ஒரு பெக், ரெண்டும் ஒரே லைன்ல சேர்ந்தா ஒண்ணோட ஒண்ணு மோதும்.

ரிசீவர் விஷயத்துல, நீங்க ஐபஸ் ரிசீவரை எஸ்பஸ்னு எழுதியிருக்கிற பேடுல (சால்டர் பண்ற இடம்) கொடுத்திருப்பீங்க, அதான் என் சந்தேகம். ஐபஸ், எஸ்பஸ் ரெண்டும் ரிசீவர் போர்டுகிட்ட பேசற மொழிதான். எஸ்பஸ் சிக்னல் தலைகீழா வரும், எஃப்4 சிப்புக்கு அதைத் தானா திருப்பத் தெரியாது, அதனால அந்த பேடுக்குப் பின்னாடி திருப்பிக் கொடுக்கிற ஒரு சர்க்யூட் வச்சிருப்பாங்க. ஐபஸ் நேராவே வர்ற சிக்னல், அதையும் அது திருப்பிவிட்டுடும். ஆர்எக்ஸ்னு (சிக்னலை வாங்கறது) போட்ட சாதாரண பேடுக்கு மாத்திட்டு, சாஃப்ட்வேர்ல போர்ட்ஸ் பக்கத்துல அதே நம்பர் யூஆர்ட்டுக்கு (சீரியல் இணைப்பு) சீரியல் ரிசீவர் ஆன் பண்ணி, ரிசீவர் வகையில ஐபஸ் தேர்ந்தெடுங்க. ஈஎல்ஆர்எஸ்ங்கற வகை ரிசீவர் வச்சிருக்கவங்களுக்கு டிஎக்ஸ் (அனுப்பறது), ஆர்எக்ஸ் ரெண்டு வயரும் வேணும், குறுக்கா மாத்திக் கொடுக்கணும். ஜிபிஎஸ்ஸுக்கும் அப்படித்தான்.

எல்லாம் சரியா செட் பண்ணி, ஸ்டிக்கை ஆட்டினா அய்லரான், எலவேட்டர் (மூக்கை ஏத்தி இறக்கற வால் மடிப்பு) எல்லாம் சரியான பக்கம் போகுதான்னு பாத்துட்டுத்தான் விட்டேன். ஆங்கிள் மோடுல (ஸ்டிக்கை விட்டா தானா நிமிர்ற மோடு) கையை விட்டு எறிஞ்ச உடனே அப்படியே வலது பக்கம் உருண்டு தலைகுப்புற விழுந்துடுச்சு. கைரோ கோளாறா? - மதுரை வாசகர்

கைரோவைத் திட்டாதீங்க, ரேடியோவுல சர்வோ ரிவர்ஸ் பண்ணீங்களான்னு முதல்ல சொல்லுங்க. பண்ணியிருப்பீங்க. எனக்கு எப்படித் தெரியும்னா நானும் அதைத்தான் பண்ணேன், எங்க ஊர் ஏரி காஞ்சு கிடந்த பங்குனி மாசம், நண்பன் எறிஞ்சான், பிளேன் வலது பக்கம் சாய்ஞ்சுது, நான் இடது பக்கம் முழுசா இழுத்தேன், அது கண்டுக்கவே இல்ல, நேரா போய் சீமைக் கருவேல மரத்துல சொருகிக்கிச்சு. பிளேனை எடுத்தது பெருசு இல்ல, கையில ஏறின முள்ளை எடுக்கத்தான் சாயங்காலம் ஆச்சு.

நடந்தது இதுதான். போர்டு இல்லாத பிளேன்ல ரேடியோ நேரா சர்வோகிட்ட பேசுது, அதனால எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒண்ணுதான். போர்டு நடுவுல வந்துட்டா சர்வோவுக்கு ரெண்டு எஜமான், ஒண்ணு நீங்க, இன்னொண்ணு கைரோ. சர்வோ தப்பான பக்கம் ஆடுதுன்னு ரேடியோவுல ரிவர்ஸ் போட்டா உங்க பேச்சு மட்டும் சரியாகும், கைரோவோட பேச்சு ரேடியோ வழியா போறதில்லையே, அது தப்பாவே இருக்கும். அப்ப றெக்கை வலது பக்கம் லேசா இறங்கினா போர்டு அதைத் தூக்கறதா நினைச்சு இன்னும் இறக்கும், இறங்க இறங்க இன்னும் பலமா இறக்கும், ஆங்கிள் மோடுல உங்க ஸ்டிக்கால அதை மீட்கவே முடியாது.

அதனால ரேடியோவுல எல்லா ரிவர்ஸையும் எடுத்துட்டு முதல்லேர்ந்து வாங்க. ஐநேவ் ரிசீவர் பக்கத்துல வலது பக்கம் தள்ளினா ரோல் (பக்கவாட்டுல சாயறது) பார் ஏறணும், யா (மூக்கு இடம், வலம் திரும்பறது) பாரும் அப்படியே, த்ராட்டில் கூட்டினா ஏறணும், பிட்ச் (மூக்கு ஏறி இறங்கறது) ஸ்டிக்கை முன்னாடி தள்ளினா ஏறணும். ஏதாவது ஒண்ணு இறங்கினா அதை மட்டும் ரேடியோவுல திருப்பலாம், ரேடியோ ரிவர்ஸுக்கு இருக்கிற ஒரே வேலை அதுதான். அப்புறம் போர்டை பிளேன் எந்தப் பக்கம் பாக்குதோ அந்தப் பக்கம் அம்புக்குறி இருக்கிற மாதிரி ஒட்டியிருக்கீங்களான்னு பாருங்க, இடம் இல்லாம குறுக்கா ஒட்டியிருந்தா எத்தனை டிகிரின்னு போர்டு அலைன்மென்ட்ல சொல்லணும். பிளேனைக் கையில எடுத்து வலது பக்கம் சாய்ச்சா திரையில இருக்கிற பிளேனும் வலது பக்கமே சாயணும், மூக்கைத் தூக்கினா தூக்கணும்.

இப்ப ப்ரொப் இல்லாம பேட்டரி மாட்டி, வால் உங்க பக்கம் இருக்கிற மாதிரி மடியில வச்சுக்கோங்க. ஆங்கிள் மோடு போட்டுட்டு ஸ்டிக்கைத் தொடாம வலது றெக்கையைக் கீழ சாய்ங்க. இறங்கின றெக்கையில இருக்கிற அய்லரான் கீழ இறங்கணும், இடது பக்கம் மேல ஏறணும். மூக்கைத் தூக்கினா எலவேட்டர் கீழ இறங்கணும். மூக்கை வெடுக்குன்னு இடது பக்கம் திருப்பினா ரடர் (நிமிர்ந்து நிக்கிற வாலோட மடிப்பு) ஒரு நொடி வலது பக்கம் போயிட்டு வரும். எது தப்போ அந்த சர்வோவை ஐநேவ் உள்ளயே, அவுட்புட்ஸ் பக்கத்துல ரிவர்ஸ் பண்ணுங்க. இது முடிஞ்சதுக்கு அப்புறம் மேனுவல் மோடுல (கைரோ தலையிடாத மோடு) ஸ்டிக்கை ஆட்டிப் பாருங்க: வலது பக்கம் தள்ளினா வலது அய்லரான் மேல. ரெண்டும் தானா ஒத்துப்போகும், போகலன்னா மறுபடி ரிசீவர் பக்கத்துக்குப் போங்க.

கைரோ சோதனையை ஒவ்வொரு தடவை கிரவுண்டுல எறியறதுக்கு முன்னாடியும் நான் பண்ணுவேன், அஞ்சு செகண்டு ஆகும், பக்கத்துல நிக்கிறவங்க பிளேனுக்கு மந்திரிக்கிறான்னு கிண்டல் பண்ணுவாங்க, பண்ணட்டும்.

ஆர்டுபைலட்ல ஆர்டிஎல் (கிளம்பின இடத்துக்குத் திரும்பற மோடு) சுவிட்ச் போட்டா பிளேன் திரும்பி வருது, ஆனா இறங்காம தலைக்கு மேல சுத்திக்கிட்டே இருக்கு. எதை மாத்தணும்? - திருச்சி வாசகர்

எதையும் மாத்த வேணாம், அது அப்படித்தான். நீங்க எதுவும் மாத்தலன்னா 100 மீட்டர் உயரத்துக்கு வந்து 60 மீட்டர் ஆரத்துல வட்டமடிச்சு உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கும். எஃப்பிடபிள்யூஏ மோடுக்கு (நீங்க ஓட்ட, போர்டு நிமிர்த்திப் பிடிக்கும்) மாத்தி நீங்களே இறக்குங்க. இறங்குற இடமெல்லாம் தானா பாத்துக்கணும்னா அதுக்கு வழி இருக்கு, ஆனா நம்ம ஊர் கிரவுண்டுல ஒரு பக்கம் கிரிக்கெட், ஒரு பக்கம் ஆடு மேயுது, அதை போர்டுகிட்ட விடாதீங்க.

உங்க கடிதத்துல இல்லாத ஒண்ணைக் கேக்கிறேன், ரேடியோவை ஆஃப் பண்ணிப் பாத்தீங்களா? ப்ரொப்பைக் கழட்டி, ஆர்ம் பண்ணி (மோட்டார் ஓட அனுமதி கொடுத்து), த்ராட்டில் பாதி வச்சு, ரேடியோவை அணைங்க. திரையில ஃபெயில்சேஃப்னு (சிக்னல் போயிடுச்சுங்கற எச்சரிக்கை) வரணும். வராம மோட்டார் பாட்டுக்கு அதே வேகத்துல சுத்திக்கிட்டு இருந்தா உங்க ரிசீவர் கடைசியா வந்த சிக்னலையே போர்டுக்குக் கொடுத்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், சிக்னல் போனதே போர்டுக்குத் தெரியல. அப்படிப்பட்ட பிளேன் ஒரு நாள் கண்ணுக்கு மறைஞ்சு போயிடும், சுவிட்ச் போட்டா வருதுங்கறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. ரிசீவர் ஃபெயில்சேஃப்ல த்ராட்டில் வழக்கமான கீழ் எல்லையை விட இன்னும் கீழ போற மாதிரி செட் பண்ணி, அந்த அளவுக்கும் சாதாரண கீழ் எல்லைக்கும் நடுவுல போர்டுல எல்லை வைங்க.

ஒன்பதாம் வகுப்பு படிக்கிற பையன் பிளேன் கட்டறேன்னு நிக்கிறான். போலீஸ் பிரச்சனை எதுவும் வருமா? - ஒரு அம்மா, சேலம்

அம்மா, பயப்படாதீங்க, ஆனா விதி இருக்கு. 2021 ட்ரோன் விதிகள்படி 250 கிராமுக்கு மேல 2 கிலோ வரைக்கும் மைக்ரோ வகை, பொழுதுபோக்குக்குப் பறக்கவிட பைலட் சான்றிதழ் கேக்க மாட்டாங்க. ஆனா 250 கிராமுக்குக் கீழ இருந்தாலும் சரி, மேல இருந்தாலும் சரி, எங்க பறக்கலாம்னு கட்டுப்பாடு உண்டு, டிஜிட்டல் ஸ்கைங்கற அரசாங்கத் தளத்தோட வரைபடத்துல பச்சைப் பகுதியான்னு பாக்கணும், அங்கயும் 400 அடிக்கு மேல கூடாது, ஏர்போர்ட் பக்கம் போகவே கூடாது. பதிவு எண் விஷயத்தையும் வீட்டுப் பெரியவங்க பாத்துடுங்க. பிளேன் எப்பவும் கண் பார்வையிலயே இருக்கணும்.

போலீஸை விட நீங்க கவலைப்பட வேண்டியது லிப்போ பேட்டரிக்குத்தான். உப்பிப்போன பேட்டரியை சார்ஜ் பண்ண விடாதீங்க, சார்ஜ் போட்டுட்டு தூங்க விடாதீங்க, கட்டில் மெத்தை மேல வைக்காம மண் சட்டியில வச்சு சார்ஜ் பண்ணச் சொல்லுங்க. அப்புறம் தெர்மாகோலை ஃபெவிக்விக் போட்டு ஒட்டுவான், அது கரைஞ்சு ஓட்டை விழும், அழுவான், அதுக்கு ஒரு ஹாட் க்ளூ கன் வாங்கிக் கொடுத்துடுங்க.