தினமும் ஓவியக் குறிப்பேடு வரையத் தொடங்கினால் பத்து நாளில் நின்றுவிடுகிறது. தொடர என்ன வழி?

இதற்குச் சோம்பலைவிட நோட்டின் அளவும் தாளும்தான் பெரும்பாலும் காரணம். ஏ4 பக்கத்தை நிரப்ப ஒரு மணி நேரமாவது பிடிக்கும். வேலை முடிந்து வந்த இரவில் அது நடக்காது. 10.5 × 14.8 செ.மீ. அளவுள்ள ஏ6 நோட்டு வாங்குங்கள். பத்து நிமிடத்தில் பக்கம் நிறைந்துவிடும்.

தாளில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். சாதாரண நோட்டுத் தாள் 60 முதல் 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) வரைதான் இருக்கும். நீர்வண்ணம் பட்டதும் அதன் நார்கள் ஊறி விரிந்து, காயும்போது சீரில்லாமல் சுருங்குவதால் பக்கம் நெளிகிறது. பேனாவும் பென்சிலும் மட்டும் என்றால் 120 போதும். வண்ணம் தீட்டுவதென்றால் 200க்குக் குறையக் கூடாது. 300 கிடைத்தால் நிம்மதி.

ஊற்றுப்பேனா மைகளில் பல நீரில் கரைபவை. மேலே தூரிகை பட்டதும் கோடு கலங்கிவிடும். நீர் புகாத நிறமி மை உள்ள 0.3 மி.மீ. பேனாவால் வரைந்து, இரண்டு நிமிடம் காயவிட்டு வண்ணம் தொடுங்கள். அக்ரிலிக் வண்ணம் பூசினால் காய்ந்த பிறகும் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும். இடையில் பட்டர் பேப்பர் வையுங்கள்.

மாலைக் காபி போல ஏற்கெனவே தவறாத ஒன்றோடு வரைவதைச் சேர்த்துவிடுங்கள். என்ன வரைவது என்று யோசிப்பதிலேயே பாதி நேரம் போய்விடும், அதனால் கைக்கெட்டும் பொருளே போதும்: டம்ளர், சாவிக்கொத்து, ஒரு இணுக்கு கறிவேப்பிலை. முதலில் தேதியை எழுதுங்கள், வெள்ளைத்தாள் பயம் பாதி குறையும்.

ஒரு நாள் விட்டுப்போனால் அதற்காகப் பக்கம் ஒதுக்காதீர்கள். பிடிக்காத பக்கத்தைக் கிழிக்கவும் வேண்டாம். தையல் போட்ட நோட்டில் ஒரு தாளைக் கிழித்தால் அதனோடு ஒரே தாளாக மடித்துத் தைத்த மறுபாதியும் கழன்று வரும்.