கடையைக் கம்பெனியாக்கும் முன்

கேள்வி: நானும் என் தங்கையும் ஆறு ஆண்டுகளாக மசாலாப் பொடி அரைத்து விற்று வருகிறோம். உரிமையாளர் என்று என் பெயர் மட்டுமே இருக்கிறது. ஜிஎஸ்டி, உத்யம் ஆகிய இரண்டு பதிவுகளும் உள்ளன. பல கிளைகள் வைத்திருக்கும் ஒரு கடைக்காரர், கம்பெனியாகப் பதிவு செய்தால் பெரிய ஆர்டர் தருவதாகச் சொல்கிறார். பிரைவேட் லிமிடெட் ஆக்கிவிட்டால் தொழிலில் கடன் ஏறினாலும் வீடு தப்பும் என்கிறார்கள். செய்யலாமா?
- வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: உத்யம் பதிவு இருப்பதாலேயே தொழில் கம்பெனியாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது குறு, சிறு தொழில் என்பதற்கான சான்று மட்டுமே. இன்றைய நிலையில் சட்டத்தின் பார்வையில் தாங்களும் தங்கள் தொழிலும் ஒன்றுதான். ஆகவே தொழிலின் கடன் தங்கள் கடன். 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டப்படி பதிவு செய்தால், தனக்கென்று பான் எண்ணும் சொத்தும் கடனும் கொண்ட தனியொரு ஆள் சட்டப்படி உருவாகிறார். லண்டனில் தன் பூட்ஸ் தொழிலைத் தானே தொடங்கிய கம்பெனிக்கு விற்ற சாலமன் என்பவரின் வழக்கில், கம்பெனியின் கடனுக்கு அவர் பொறுப்பல்ல என்று 1897இல் பிரிட்டனின் அன்றைய உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. நம் நாட்டிலும் அதுவே அடிப்படை.

ஆனால் வீடு தப்பும் என்பதை அப்படியே நம்பிவிட வேண்டாம். சிறிய கம்பெனிக்குக் கடன் கொடுக்கும்போது வங்கிகள் பெரும்பாலும் இயக்குநர்களிடம் தனிப்பட்ட ஜாமீன் கையெழுத்து வாங்கிவிடுகின்றன. அந்தக் கையெழுத்தைப் போட்டபின், அந்தக் கடனைப் பொறுத்தவரை பழைய நிலைதான். இதுவரை தங்கள் பெயரில் வாங்கிய கடனும், கடன் கொடுத்தவர் சம்மதிக்காதவரை தங்களை விட்டுப் போகாது.

இதைவிட நான் அஞ்சுவது கல்லாப்பெட்டியைக் குறித்து. இன்று கல்லாவிலிருந்து எடுத்துப் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டினால் கேட்பாரில்லை. நாளை அந்தப் பணம் கம்பெனியுடையது. அதைச் சம்பளமாகவோ, பங்காதாயமாகவோ (டிவிடெண்ட்), தாங்கள் கம்பெனிக்குக் கொடுத்த கடனைத் திரும்பப் பெறுவதாகவோதான் கணக்கோடு எடுக்க முடியும். கணிசமான பங்கு வைத்திருப்பவர் கம்பெனியிடம் கைமாற்றாக வாங்கும் தொகையை, கம்பெனியில் சேர்ந்துள்ள லாபத்தின் அளவுக்குப் பங்காதாயமாகவே கருதி வருமான வரி கேட்பார்கள். வீட்டுச் செலவும் கடைச் செலவும் ஒரே பையில் இருக்கும் பழக்கத்தை மாற்ற முடியாதென்றால், கம்பெனி ஆக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

இருந்தாலும் தங்கள் கடிதத்தில் என் மனத்தைத் தொட்டது ஆர்டரைவிடத் தங்கையின் நிலைதான். ஆறு ஆண்டுகள் உழைத்த அவருக்குப் பதிவேட்டில் எந்த உரிமையும் இல்லை. கம்பெனியில் அவர் பெயரில் பங்குகள் இருக்கும். அதற்காகவே இதைச் செய்யலாம். சரிபாதியாகப் பிரித்துக்கொண்டால், கருத்து வேறுபடும்போது எந்தத் தீர்மானமும் நிறைவேறாது என்பதால், அப்போது என்ன செய்வது என்பதைக் கம்பெனியின் உள்நிர்வாக விதிகளான சங்க விதிகளிலேயே எழுதிவிடுங்கள்.

பிரைவேட் லிமிடெட்டுக்கு இரண்டு பங்குதாரர்களும் இரண்டு இயக்குநர்களும் போதும். இருவருமே இரண்டுமாக இருக்கலாம். ஒரு லட்சம் முதலீடு வேண்டும் என்ற நிபந்தனை 2015இலேயே நீங்கிவிட்டது. பெயர் ஒதுக்கீடு, பதிவு, பான், வங்கிக் கணக்கு எல்லாம் ஸ்பைஸ் பிளஸ் என்னும் இணையப் படிவத்தின் வழியே நடக்கின்றன. பதிவான 30 நாட்களுக்குள் ஆடிட்டரை நியமித்து, 180 நாட்களுக்குள் பங்குப் பணத்தைச் செலுத்தித் தொழில் தொடங்கியதாக அறிவிக்க வேண்டும். விற்பனை குறைவாக இருந்தாலும் ஆண்டுதோறும் தணிக்கை உண்டு. ஆண்டுக் கணக்கைத் தாமதமாகத் தாக்கல் செய்தால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஏறிக்கொண்டே போகும். அதற்கு உச்சவரம்பு இல்லை. பழைய ஜிஎஸ்டி எண் கம்பெனிக்குச் செல்லாது. புதிதாக வாங்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு உரிமமும் கம்பெனியின் பெயரில் இருக்க வேண்டும்.

கடைக்காரரிடம் ஆர்டரை எழுத்தில் கேளுங்கள். எல்எல்பி (கூட்டாளிகளின் பொறுப்புக்கு வரம்புள்ள கூட்டு நிறுவனம்) இருந்தாலே போதும் என்று அவர் சொன்னால், விற்பனை 40 லட்சத்தையும் முதலீடு 25 லட்சத்தையும் தாண்டாதவரை அதற்குக் கட்டாயத் தணிக்கை இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

கேள்வி: எனக்குக் கூட்டாளி யாருமில்லை. தனி ஆளாகக் கம்பெனி தொடங்க முடியுமா?
- வாசகர், திருப்பூர்

பதில்: முடியும். ஒருநபர் கம்பெனி என்று சட்டத்தில் தனி வகையே உள்ளது. தங்களுக்குப் பின் பொறுப்பேற்க ஒருவரை நியமனதாரராகக் குறிப்பிட்டு, அவருடைய எழுத்துப்பூர்வச் சம்மதத்தையும் இணைக்க வேண்டும்.

கேள்வி: வாடகை வீட்டைக் கம்பெனியின் பதிவு அலுவலகமாகக் காட்டலாமா?
- வாசகி, தாம்பரம்

பதில்: காட்டலாம். வீட்டுக்காரரின் ஆட்சேபணையில்லாக் கடிதமும், இரண்டு மாதத்துக்கு உட்பட்ட மின்கட்டண ரசீது போன்ற ஒன்றும் வேண்டும். வாசலில் கம்பெனியின் பெயரும் முகவரியும் எழுதிய பலகை இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதினால் கூடவே தமிழிலும் எழுத வேண்டும் என்பது சட்டம்.