சிறு அலுவலக வலையமைப்பில் ஆன்ட்டிவைரஸ்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உதிரிபாகம் தயாரிக்கிறோம். 14 கணினிகள் உள்ளன. தேவைப்பட்டபோதெல்லாம் ரிச்சி தெருவில் ஆன்ட்டிவைரஸ் பெட்டி ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டோம். எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து கவனிக்க முடியுமா? தனி சர்வர் வேண்டுமா?

பதில்: பெட்டியில் கிடைப்பவை பெரும்பாலும் வீட்டு உபயோகப் பதிப்புகள். அவற்றின் லைசென்ஸ் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதத்தில் முடியும். முடிந்துவிட்டது என்ற அறிவிப்பை அந்தக் கணினியில் இருப்பவர் மூடிவிட்டு வேலையைத் தொடர்வார். உரிமையாளரான உங்களுக்குத் தகவலே வராது. நிறுவனப் பதிப்பில் ஒவ்வொரு கணினியிலும் ஏஜென்ட் என்னும் சிறு நிரல் அமர்ந்து, கன்சோல் எனப்படும் மையத் திரைக்குத் தன் நிலையைச் சொல்லிக்கொண்டே இருக்கும். எதில் என்ன பிடிபட்டது, எதில் அப்டேட் நின்றுபோனது, எந்தக் கணினி பல நாட்களாகப் பேசாமலே இருக்கிறது என்பவை அனைத்தும் ஓரிடத்தில் தெரியும். மூன்றாவதாகச் சொன்னதுதான் மிக முக்கியம். கீழே மீண்டும் வருகிறேன்.

14 கணினிகளுக்குத் தனி சர்வர் தேவையில்லை, இணையத்தில் இயங்கும் கிளவுட் கன்சோலே போதும். இணைய வேகம் குறைவு என்றால், எல்லாக் கணினிகளும் தனித்தனியாக அப்டேட்டை இறக்காமல், ஒரு கணினி இறக்கிவைத்ததை மற்றவை எடுத்துக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட கே7, புனேயைச் சேர்ந்த குயிக் ஹீலின் செக்ரைட், 300 பயனர்கள் வரையுள்ள நிறுவனங்களுக்கான மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஃபார் பிசினஸ் ஆகியவை உங்கள் அளவுக்குப் பொருந்தும். எதை வாங்கினாலும் கன்சோலின் நிர்வாகிக் கணக்கு உங்கள் நிறுவன மின்னஞ்சலில், இரட்டைச் சரிபார்ப்புடன் இருக்கட்டும். விற்பவர் தமது மின்னஞ்சலில் பதிவுசெய்து தருவதை ஒப்புக்கொள்ளாதீர்கள். அவர் தொழிலை விட்டுவிட்டால் உங்கள் கணினிகளின் சாவி அவரோடு போய்விடும்.

கேள்வி: கன்சோலிலிருந்து ஒரே சொடுக்கில் எல்லாக் கணினிகளிலும் நிறுவலாம் என்றார்கள். எங்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டது என்ற செய்திதான் வருகிறது. நிறுவிய ஐந்து கணினிகளும் கன்சோலில் ஒன்றாகவே தெரிகின்றன. (வடபழனி)

பதில்: தொலைவிலிருந்து நிறுவும் முறை, எல்லாக் கணினிகளின் கணக்குகளையும் ஒரு சர்வர் நிர்வகிக்கும் டொமைன் உள்ள வலையமைப்பை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டது. உங்களைப் போல, ஒவ்வொரு கணினியும் தன் கணக்குகளைத் தானே வைத்திருக்கும் வொர்க்குரூப்பில் இயங்கும் அலுவலகங்களில், ஒரு கணினியின் நிர்வாகிக் கணக்கைக் கொண்டு வெளியிலிருந்து வரும் கட்டளையை விண்டோஸ் இயல்பாகவே தடுக்கும். அந்தத் தடையைத் தளர்த்தும் வழிகளை இணையத்தில் தேடாதீர்கள், அந்தத் தளர்வு தாக்குபவருக்கும் உதவும். கன்சோல் தரும் நிறுவல் இணைப்பை ஒவ்வொரு கணினியிலும் திறந்து ஒருமுறை நிறுவுங்கள். அரை நாள் வேலைதான்.

இரண்டாவது சிக்கலுக்கு, ஏஜென்ட்டோடு சேர்த்து ஒரே ஹார்ட்டிஸ்க்கை நகலெடுத்து ஐந்து கணினிகளையும் தயார்செய்ததே காரணமாக இருக்கும். அடையாள எண்ணும் நகலாகிவிட்டதால் கன்சோல் அவற்றை ஒரே கணினியாகக் கருதுகிறது. ஏஜென்ட்டை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவினால் புது எண் கிடைக்கும்.

கேள்வி: தி. நகரில் ஆடிட்டர் அலுவலகம். ஆன்ட்டிவைரஸ் போட்டதிலிருந்து டேலி மிக மெதுவாகிவிட்டது. டி டிரைவ் முழுவதற்கும் விலக்கு கொடுக்கச் சொல்கிறார் கணினி பழுதுபார்ப்பவர்.

பதில்: வேண்டாம். டிரைவ் முழுவதற்கும் விலக்கு கொடுத்தால், அதில் வந்து அமரும் எதையும் ஆன்ட்டிவைரஸ் பார்க்காது. டேலியின் தரவுக் கோப்புறைக்கு மட்டும், அதுவும் கன்சோல் பாலிசி (கணினிகளுக்கு மையத்திலிருந்து அனுப்பும் விதிகள்) வழியாக விலக்கு கொடுங்கள். அதற்கு முன் இரண்டைச் சரிபாருங்கள். தரவு இருப்பது விண்டோஸ் சர்வரிலா? விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் வேறு ஆன்ட்டிவைரஸ் வந்தவுடன், விண்டோஸுடனேயே வரும் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும். சர்வர் பதிப்பில் அப்படி ஒதுங்காது. அதை நாமே நீக்காவிட்டால் இரண்டும் ஒரே கோப்பை மாறிமாறிச் சோதிக்கும். அடுத்து, முழு ஸ்கேன் எந்த நேரத்துக்கு வைக்கப்பட்டிருக்கிறது? இரவு 2 மணிக்கு வைத்துவிட்டு மாலையில் கணினிகளை அணைத்துவிட்டுப் போனால், பல மென்பொருள்களில் தவறிய ஸ்கேன் காலையில் இயக்கியவுடன் தொடங்கும். மதிய உணவு வேளைக்கு மாற்றிப் பாருங்கள்.

யூஎஸ்பி தடையை இயக்கும்போது, டிஜிட்டல் கையொப்பத்துக்கான டிஎஸ்சி டோக்கன்களையும் சோதித்துக்கொள்ளுங்கள். அவற்றுள் சில, தம் டிரைவரை நிறுவுவதற்காக சிடி டிரைவ் போலவும் தோன்றும். ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசி நாளன்று அது தடைபட்டால் பெரும் அவதி.

கேள்வி: திருவல்லிக்கேணியில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர்களின் பென்டிரைவ்களைத் தடைசெய்ய முடியாது. ஊழியர்கள் ஆன்ட்டிவைரஸை நிறுத்திவிடுகிறார்கள்.

பதில்: அவர்கள் மீது கோபப்படுவதில் பயனில்லை. வாடிக்கையாளர் எதிரே நிற்கிறார். பென்டிரைவைச் செருகினால் கோப்புறைகள் எல்லாம் ஷார்ட்கட்டுகளாகத் தெரிகின்றன. ஆன்ட்டிவைரஸ் அவற்றை அழித்ததும், ‘என் கோப்பு எங்கே?’ என்று அவர் குரலை உயர்த்துகிறார். உண்மையில் கோப்புகள் அழிவதில்லை, வைரஸ் அவற்றை மறைத்துவைத்திருக்கிறது. மறைக்கப்பட்ட கோப்புகளைக் காட்டும் முறையை ஊழியர்களுக்குக் கற்றுக்கொடுத்தால் நிறுத்த வேண்டிய தேவையே வராது. பென்டிரைவ் செருகுவதற்கென ஒரு கணினியை ஒதுக்கி, மற்றவற்றில் பாலிசி வழியாகத் தடுத்துவிடுங்கள். ஏஜென்ட்டை நிறுத்தவும் நீக்கவும் கடவுச்சொல் கேட்கும்படி அமையுங்கள். அந்தக் கடவுச்சொல் உங்களிடம் மட்டும் இருக்கட்டும்.

கேள்வி: கன்சோலில் எல்லாமே பச்சையாக இருந்தும் சர்வரில் இருந்த கோப்புகள் பூட்டப்பட்டுவிட்டன. இது எப்படி நடக்கும்? (கிண்டி)

பதில்: இதே நிலையை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஓர் அலுவலகத்தில் கன்சோலில் 11 கணினிகள், பதினொன்றும் பச்சை. மேசைகளை எண்ணிப் பார்த்தபோது பன்னிரண்டாவது ஒன்று, பழைய ரசீதுகளைப் பார்ப்பதற்காக, பிரின்டருக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஏஜென்ட் இல்லை. வீட்டிலிருந்து கணக்குப் பார்ப்பதற்காக யாரோ ரௌட்டரில், தொலைவிலிருந்து கணினியை இயக்குவதற்கான வாசலாகிய 3389 போர்ட்டை அதற்குத் திறந்துவிட்டிருந்தார்கள், கடவுச்சொல் எளிமையானது. உள்ளே வந்தவர், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரலான ரான்சம்வேரை அந்தக் கணினியிலேயே இயக்கினார். பொதுக் கோப்புறையில் எழுதும் அனுமதி அதற்கு இருந்ததால், சர்வரின் கண்ணுக்கு ஓர் ஊழியர் கோப்புகளைத் திருத்துவதாகவே தெரிந்தது. தீய நிரல் சர்வரில் ஓடவே இல்லை. அங்கிருந்த ஆன்ட்டிவைரஸ் பிடிப்பதற்கு எதுவும் இருக்கவில்லை. எப்போதும் சர்வரில் செருகியே இருந்த பேக்கப் டிஸ்க்கும் சேர்ந்து போனது. உரிமையாளர் அந்த டிஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

கன்சோல் தனக்குத் தெரிந்த கணினிகளைப் பற்றித்தான் பேசும். ஆகவே மாதம் ஒருமுறை ரௌட்டரில் தெரியும் இணைப்புகளின் பட்டியலையும் கன்சோல் பட்டியலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். கடைசியாகத் தொடர்புகொண்ட தேதியைக் காட்டும் பத்தியை வாரந்தோறும் பாருங்கள். 3389 போர்ட்டை இன்றே மூடிவிட்டு, வீட்டிலிருந்து வேலை செய்ய விபிஎன் என்னும் பாதுகாக்கப்பட்ட இணைப்பை அமையுங்கள்.

இப்போதைக்கு, எல்லாக் கணினிகளின் நெட்வொர்க் கேபிளையும் கழற்றுங்கள், வைஃபையை அணையுங்கள், எதையும் ஃபார்மட் செய்யாதீர்கள், மிஞ்சிய பேக்கப் எதையும் செருகாதீர்கள். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவின்படி, இத்தகைய தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் அதற்குத் தெரிவிக்க வேண்டும். கணினிகளில் நடந்தவற்றைக் குறித்துவைக்கும் லாக் பதிவுகளையும் 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். சிறு நிறுவனம் என்பதால் விலக்கு இல்லை. ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் உள்ளிட்டோர் 2016இல் தொடங்கிய நோ மோர் ரான்சம் தளத்தில், சில வகைப் பூட்டுகளுக்கு இலவசத் திறவுகோல் கிடைக்கிறது. பணம் கொடுப்பது பற்றி யோசிக்கும் முன் அங்கே தேடுங்கள்.

கேள்வி: எம்பிராய்டரி இயந்திரத்தின் கணினி விண்டோஸ் 7. மாற்ற முடியாது. என்ன செய்யலாம்?

பதில்: அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றே முடிந்துவிட்டது. ஆன்ட்டிவைரஸ் மட்டும் அதைக் காப்பாற்றாது. 2017 மே மாதம் பரவிய வானாக்ரை என்னும் ரான்சம்வேர், மார்ச்சிலேயே வெளியான திருத்தத்தைப் போடாத கணினிகளில்தான் புகுந்தது. இணையமும் பிற கணினிகளும் எட்டாதவாறு தனி நெட்வொர்க்கில் வையுங்கள். டிசைன் கோப்புகளை ஸ்கேன் செய்த பென்டிரைவில் மட்டும் கொண்டுபோங்கள்.

கேள்வி: நிறுவியது சரியாக வேலை செய்கிறதா என்று உண்மையான வைரஸ் இல்லாமல் சோதிக்க முடியுமா? (பெரம்பூர்)

பதில்: முடியும். ஐகார் என்ற சோதனைக் கோப்பு இதற்கென்றே இருக்கிறது. 68 எழுத்துகள் கொண்ட, தீங்கற்ற உரை அது. ஏறத்தாழ எல்லா ஆன்ட்டிவைரஸும் அதை வைரஸாகவே அறிவிக்கும்படி ஒப்புக்கொண்டிருக்கின்றன. ஒரு கணினியில் அதை இறக்கி, கன்சோலில் எச்சரிக்கை எத்தனை நிமிடத்தில் வருகிறது, மின்னஞ்சல் யாருக்குப் போகிறது என்று பாருங்கள். வேலையை விட்டுப் போன ஊழியரின் முகவரிக்கு அது போய்க்கொண்டிருந்தால், அன்றே மாற்றிவிடுங்கள்.