கடவுளை மறுப்பவர் கருக்கலைப்பை எதிர்க்கலாமா?

கேள்வி: நான் கடவுள் மறுப்பாளன். ஆனாலும் கருக்கலைப்பு ஓர் உயிரை அழிப்பதுதான், சட்டம் அதைத் தடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். "உனக்குள் இன்னும் பக்தி ஒளிந்திருக்கிறது" என்கிறார்கள் நண்பர்கள். நாத்திகனுக்கு இப்படி ஒரு கருத்து இருக்கக் கூடாதா?

பதில்: தாராளமாக இருக்கலாம். உங்கள் நண்பர்கள் சொல்வது தவறு. கடவுள் இல்லை என்று முடிவுக்கு வந்துவிட்டதாலேயே கருவைப் பற்றியும் ஒரு முடிவு தானாக வந்து சேர்ந்துவிடாது. அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் டான் மார்க்விஸ் 1989இல் கருக்கலைப்புக்கு எதிராக எழுதியபோது ஆன்மாவையோ வேதத்தையோ துணைக்கு அழைக்கவில்லை. நமக்கு இருப்பதைப் போன்ற ஓர் எதிர்காலம் கருவிடமிருந்து பறிக்கப்படுகிறது என்றுதான் வாதிட்டார். இன்னொரு பக்கம், 1967இல் நியூயார்க்கில் கிறிஸ்தவப் போதகர்களும் யூத ரபிகளும் சேர்ந்து, கருவைக் கலைக்க விரும்பிய பெண்களை நம்பகமான மருத்துவர்களிடம் அனுப்பிவைக்க ஓர் அமைப்பையே தொடங்கினார்கள். அன்றைக்கு அங்கே கருக்கலைப்பு சட்டப்படி குற்றம். ஒருவருடைய மதத்தை வைத்து அவர் கருத்தைக் கணித்துவிடலாம் என்ற எண்ணத்தை நண்பர்கள் கைவிடட்டும்.

ஆனால் உங்களையும் சில கேள்விகள் கேட்க வேண்டியிருக்கிறது. கருவுக்கு உயிர் உண்டு என்பதை யாரும் மறுக்கவில்லை. விந்தணுவுக்கும் சினைமுட்டைக்கும்கூட உயிர் உண்டு. அந்த உயிருக்கு ஒரு பெண்ணின் உடல்மீது உரிமை இருக்கிறதா, இருந்தால் எப்போதிலிருந்து என்பதுதான் வழக்கே. ஆன்மா வந்து புகும் நொடி ஒன்று உண்டு என்று நம்புபவர் அதைக் காட்டிவிட்டுப் போய்விடுவார். நீங்கள் அப்படிப் போக முடியாது. கரு படிப்படியாக வளர்கிறது. வலியை உணரத் தேவையான நரம்பு இணைப்புகள் 24 வாரத்துக்கு முன்பு மூளையின் மேலடுக்கான புறணியை எட்டுவதில்லை என்று பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி 2010இல் தெரிவித்தது. எட்டு வாரக் கருவையும் எட்டு மாதக் கருவையும் ஒன்றாகவே பார்ப்பதற்கு உங்களிடம் என்ன காரணம் இருக்கிறது? அதை நீங்கள் சொல்லவே இல்லை.

மார்க்விஸின் வாதத்தை மதிக்கிறேன், ஏற்கவில்லை. கரு முழு மனிதனே என்று வைத்துக்கொண்டாலும், வாழும் உரிமை என்பது இன்னொருவர் உடலைப் பயன்படுத்திக்கொள்ளும் உரிமை ஆகாது என்று 1971இலேயே அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜூடித் ஜார்விஸ் தாம்சன் காட்டியிருந்தார். பெற்ற பிள்ளை சாகக் கிடந்தாலும், சிறுநீரகத்தைக் கொடுத்தே தீர வேண்டும் என்று தகப்பனைக் கட்டிப்போட்டு அறுக்க நாம் சம்மதிப்போமா? கொடுத்தால் போற்றுவோம், மறுத்தால் வருந்துவோம். அதோடு சரி. பெண்ணுக்கு மட்டும் வேறு நியாயம் வைக்க நாத்திகருக்கும் உரிமை இல்லை.

சட்டம் தடுக்க வேண்டும் என்கிறீர்களே, மதத்தை ஒதுக்கிவைத்த அரசுகளே அதைச் செய்து பார்த்திருக்கின்றன. 1920இல் கருக்கலைப்பை அனுமதித்த சோவியத் அரசு, 1936இல் ஸ்டாலின் காலத்தில் தடைசெய்தது. 1955இல்தான் தடை நீங்கியது. ருமேனியாவின் கதை இன்னும் கொடியது. மக்கள்தொகையைப் பெருக்குவதற்காக அந்நாட்டின் கம்யூனிஸ்ட் ஆட்சியாளர் சௌஷெஸ்கு 1966இல் கருக்கலைப்பைத் தடைசெய்யும் ஆணை 770ஐப் பிறப்பித்தார். நான்கு பிள்ளை பெற்றவர்கள், 45 வயதைக் கடந்தவர்கள் என்று சிலருக்கு மட்டுமே விலக்கு. கருத்தடைச் சாதனங்களும் கிடைக்காமல் போயின. பின்னாளில், வேலை செய்யும் இடத்துக்கே மருத்துவர்கள் வந்து, பெண்கள் கருவுற்றிருக்கிறார்களா என்று சோதித்தார்கள். கருக்கலைப்பு நின்றதா? கள்ளத்தனமாகத் தொடர்ந்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் செத்தார்கள். ஐரோப்பாவிலேயே பேறுகால மரணம் மிக அதிகமான நாடாக ருமேனியா ஆனது. 1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்ததும் புதிய அரசு முதல் வேலைகளில் ஒன்றாக அந்தத் தடையை நீக்கியது. மறு ஆண்டே பேறுகால மரண விகிதம் ஏறக்குறையப் பாதியாக இறங்கியது.

உங்கள் மனம் கருவுக்காக இரங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வேண்டாத கர்ப்பம் நேராமல் இருக்க, கருத்தடை எல்லோருக்கும் எட்டும்படி செய்வதற்குக் குரல் கொடுங்கள். பெற்றுக்கொள்ள விரும்பியும் வசதியில்லாமல் கலைக்கும் பெண்ணுக்கு உதவி கேட்டு எழுதுங்கள், இதே பக்கங்களில் வெளியிடுகிறேன். தடைச் சட்டம் கேட்டு எழுதினால், ருமேனியாவில் செத்த பெண்களுக்கு என்ன பதில் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.