கொரியன் ஜொன்: வீட்டில் இருக்கிற மாவே போதுமா?

காய்கறி, மீன், இறைச்சி எதையாவது கொஞ்சம் மாவில் பிடித்துக் கல்லில் தட்டையாகப் பொரித்தெடுத்தால் கொரியாவில் அதற்கு ஜொன் என்று பெயர். இதைப் பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். சரி, ஆரம்பிக்கலாம்.

அக்கா, எல்லாரும் 'புச்சிம்காரு' என்ற மாவைப் போடச் சொல்கிறார்கள். மதுரையில் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை. மைதாவில் வராதா?

தாராளமாக வரும். புச்சிம்காரு என்பது கோதுமை மாவோடு ஸ்டார்ச், உப்பு, பூண்டுப் பொடி, வெங்காயப் பொடி போன்றவை கலந்த பாக்கெட் மாவு, அவ்வளவுதான். அதற்காக ஆன்லைனில் காசு கொட்ட வேண்டாம் என்பது என் கட்சி. ஒரு கப் மைதா, கால் கப் அரிசி மாவு, அரை டீஸ்பூன் உப்பு, ஒரு பல் பூண்டை நசுக்கியது. இதில் ஃபிரிட்ஜ் தண்ணீரை ஒரு கப் ஊற்றிப் பாருங்கள். தேவைப்பட்டால் இன்னும் கால் கப் வரை போகலாம். அரிசி மாவு இல்லையென்றால் கான்ஃப்ளவர் போடலாம். மைதாவை மட்டும் போட்டாலும் ஜொன் வரும், ஆனால் மொறுமொறுப்பு சீக்கிரம் போய்விடும்.

இந்த அளவு மாவுக்குக் காய் மூன்று கப்பாவது வேண்டும். பெரிய கட்டு வெங்காயத்தாளை விரல் நீளத்துக்கு நறுக்கி, ஒரு கேரட்டையும் ஒரு வெங்காயத்தையும் மெல்லிசாக அரிந்து சேர்த்தால் சரியாக இருக்கும். வெங்காயத்தாள்தான் தூக்கலாக இருக்கிறது என்றால் அது பாஜொன். பூசான் நகரத்தில் தொங்னே பக்கத்து பாஜொன் பேர்போனது. அதில் கடல் உணவும் சேர்ப்பார்கள்.

மேலே சிவந்துவிடுகிறது, உள்ளே கொழகொழ என்று மாவாக இருக்கிறது. இரண்டு தடவையும் இப்படித்தான். என்ன தப்பு?

முதல் சந்தேகம், மாவு அதிகம். ஜொன்னில் மாவு காயை ஒட்டவைக்க மட்டும்தான். கலந்த பிறகு பாத்திரத்தைப் பார்த்தால் காய்தான் கண்ணில் படவேண்டும். மாவுக்குள் காய் நீந்தினால் இன்னும் ஒரு பிடி வெங்காயத்தாளை நறுக்கிப் போடுங்கள். பஜ்ஜி மாவுப் பதமும் கூடாது. தோசை மாவைவிடக் கொஞ்சம் நீர்க்க இருக்கட்டும்.

அடுத்தது, கலக்கும் விதம். மைதாவைப் போட்டு அடித்துக்கொண்டே இருந்தால் அதில் இருக்கிற குளூட்டன் என்ற புரதம் இறுகி ரப்பர் மாதிரி ஆகிவிடும். தண்ணீர் ஜில்லென்று இருந்தால் அது மெதுவாக நடக்கும், அதற்குத்தான் ஃபிரிட்ஜ் தண்ணீர். சின்னச் சின்னக் கட்டி இருந்தால் இருக்கட்டும், நாலு சுற்றோடு நிறுத்துங்கள். கலந்ததை ஊறவும் விடாதீர்கள். உப்புப் பட்டதும் காய் நீர் விட ஆரம்பிக்கும்.

மூன்றாவது எண்ணெய், நம்மவர்கள் கஞ்சத்தனம் பண்ணுகிற இடம். துணியால் தேய்த்துவிட்டு ஊற்றினால் ஜொன் ஆகாது. கல் நன்றாகக் காய்ந்ததும் பெரிய வட்டத்துக்கு மூன்று டேபிள்ஸ்பூன் எண்ணெய் விட்டு, கலவையை அரை விரல் கனத்துக்குமேல் போகாமல் பரப்புங்கள். தீ மிதத்துக்குச் சற்று மேலே. ஓரம் காய்ந்து சிவந்து, கல்லை ஆட்டினால் மொத்தமாக நகரும்போதுதான் திருப்ப வேண்டும். மூன்று நான்கு நிமிடம் ஆகும். திருப்பியதும் ஓரத்தில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, கரண்டியால் லேசாக அழுத்துங்கள். திருப்பும்போது உடைந்துவிடும் என்று பயமாக இருந்தால் உள்ளங்கை அளவில் குட்டிக் குட்டியாகப் போட்டுவிடலாம்.

நாங்கள் சைவம், முட்டையும் இல்லை. செய்ய முடியுமா?

மேலே சொன்னதில் முட்டையே கிடையாது. ஹோபக் ஜொன் என்று ஒன்று உண்டு: வட்டமாக நறுக்கிய இளம் பூசணியை மாவில் புரட்டி, முட்டையில் தோய்த்துப் போடுவது. அதற்குத்தான் முட்டை வேண்டும். ஜொன்னில் கிம்ச்சி சேர்ப்பதானால் மட்டும் நீங்கள் கவனிக்க வேண்டும். காய்கறி ஊறுகாய்தானே என்று வாங்கிவிடாதீர்கள், பெரும்பாலான கிம்ச்சியில் மீன் சாஸோ உப்பில் ஊறிய இறாலோ இருக்கும். லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

பாட்டிலில் கிம்ச்சி மிச்சமாகி ரொம்பப் புளித்துவிட்டது. தூக்கிப் போட்டுவிடவா?

ஐயோ, வேண்டாம். கிம்ச்சி ஜொன்னுக்குப் புளித்த கிம்ச்சிதான் வேண்டும், புதுசில் அந்த ருசியே வராது. ஒரு கப் கிம்ச்சியைப் பொடியாக நறுக்கி, பாட்டிலில் இருக்கும் சாற்றில் மூன்று ஸ்பூனையும் மாவில் ஊற்றுங்கள். தண்ணீரை அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். உப்பு போடவே வேண்டாம். புளிப்பு தாங்கவில்லை என்றால் அரை ஸ்பூன் சர்க்கரை.

என் மகனுக்குக் கோதுமை ஆகாது. அவனுக்கு ஏதாவது வழி?

உங்களுக்குத்தான் நல்ல ஜொன் இரண்டு இருக்கிறது. ஒன்று கம்ஜா ஜொன், மலைப்பாங்கான காங்வொன் மாகாணத்து உருளைக்கிழங்குப் பண்டம். மூன்று கிழங்கைத் தோல் சீவி நைசாகத் துருவி, வடிகட்டியில் பிழியுங்கள். வடிந்த தண்ணீரைக் கொட்டிவிடக் கூடாது. பத்து நிமிடம் அசையாமல் வைத்தால் அடியில் வெள்ளையாக மாவு படியும். மேல்தண்ணீரை இறுத்துவிட்டு, அந்த மாவைத் துருவலோடு சேர்த்து, உப்புப் போட்டுச் சின்னச் சின்ன வட்டமாகச் சுடுங்கள். வேறு மாவே தேவையில்லை. ஓரம் மொறுமொறு, நடுவில் இழுவை.

இன்னொன்று பிந்தேத்தொக். கொரியத் தலைநகர் சியோலில் குவாங்ஜாங் சந்தைக்குப் போனவர்கள் கல்லில் பருப்பு அரைத்து அங்கேயே பொரித்துத் தருவதைப் பார்த்திருப்பீர்கள். பாசிப்பருப்பை நான்கு மணி நேரம் ஊறவைத்து, தண்ணீர் அதிகம் விடாமல் கொரகொரவென்று அரைத்து, முளைகட்டிய பயறும் கிம்ச்சியும் சேர்ப்பார்கள். பன்றி இறைச்சியும் போடுவது வழக்கம், நீங்கள் விட்டுவிடலாம். பெசரட்டு போலத்தானே என்றால், மாவு வரைக்கும் சரி. இது கனமாக, எண்ணெயில் பொரிந்து வரவேண்டும்.

ஒரு எச்சரிக்கை: சாதாரண சோயா சாஸில் கோதுமை இருக்கும். கிம்ச்சியிலும் சில சமயம் கோதுமை மாவுக் கூழ் சேர்ப்பதுண்டு. மகனுக்கு இரண்டையும் பார்த்து வாங்குங்கள்.

தொட்டுக்கொள்ள என்ன? நல்லெண்ணெய் ஊற்றலாமா?

இரண்டு ஸ்பூன் சோயா சாஸ், ஒரு ஸ்பூன் வினிகர், ஒரு ஸ்பூன் தண்ணீர், ஒரு சிட்டிகை சர்க்கரை, மேலே கொஞ்சம் மிளகாய்த்தூள். காஷ்மீரி மிளகாய் என்றால் நிறமும் காரமும் ஓரளவு ஒத்துவரும். கொரிய எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் எடுப்பது, அதனால் வாசனையே வேறு. நம் செக்கு நல்லெண்ணெயை ஊற்றினால் அந்த மணம் கிடைக்காது. எள்ளை வெறும் வாணலியில் சிவக்க வறுத்து நுணுக்கித் தூவுங்கள், அதுவே மேல்.

மழைக்கும் ஜொன்னுக்கும் என்ன சம்பந்தம்?

எண்ணெயில் மாவு விழும் சத்தம் மழைச் சத்தம் மாதிரி இருப்பதால் ஆசை வருகிறது என்று அங்கே சொல்வார்கள். துணைக்கு மக்கொல்லி என்ற அரிசிக் கள். இங்கே டீ போதும்.

பத்துப் பேருக்குச் செய்ய வேண்டும். முன்னாடியே சுட்டு வைக்கலாமா?

கொரியாவில் சுசொக் அறுவடைத் திருநாளுக்குத் தட்டுத் தட்டாக ஜொன் சுடுவார்கள், பெரும்பாலும் வீட்டு மருமகள்கள். அந்த அலுப்பு எவ்வளவு பெரிய விஷயம் என்றால், 2022 செப்டம்பரில் கன்ஃபூசிய நெறி அமைப்பான சொங்க்யுங்குவானே முன்னோர் படையலுக்கு எண்ணெயில் பொரித்தவை கட்டாயமில்லை என்று அறிவித்தது. அதனால் பத்துப் பேருக்கும் நீங்களே நின்று சுட வேண்டாம், ஆளுக்கொரு கல்லைக் கொடுங்கள்.

சுட்டு வைப்பதானால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் கம்பி வலையில் ஆறவிடுங்கள். திரும்பச் சூடாக்க மைக்ரோவேவ் கூடாது, நமத்துவிடும். எண்ணெய் விடாத கல்லில் மிதமான தீயில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு நிமிடம் போதும்.