“யாருக்கும் சொல்லமாட்டீங்களே மிஸ்?”: பள்ளி ஆலோசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

சென்ற சனிக்கிழமை தர்மபுரியில் பள்ளி ஆலோசகர்களுக்கான பயிற்சி நடந்தது. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலிருந்தும் வந்திருந்தார்கள். பாதிப் பேர் முழுநேர ஆலோசகர்கள், மீதிப் பேர் பாடமும் எடுத்துக்கொண்டு ஆலோசனைப் பொறுப்பையும் சேர்த்துப் பார்க்கும் ஆசிரியர்கள். கேள்விகளைச் சீட்டில் எழுதிப் போடச் சொன்னோம். பெட்டி நிறைந்துவிட்டது. ஆனால் மலைப்பக்கம் போகிறவர்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்ததால் பாதிச் சீட்டுகளைப் பிரிக்கவே முடியவில்லை. அவற்றை வீட்டுக்கு எடுத்து வந்து, ஒவ்வொன்றாக எழுதியிருக்கிறேன். பெயர்களைப் போடவில்லை, ஊரை மட்டும் வைத்திருக்கிறேன். சில இடங்களில் ஊரையும் மாற்றியிருக்கிறேன்.

பாலக்கோடு, ஆசிரியை: பிள்ளை பேச ஆரம்பிக்கும் முன்பே “யாருக்கும் சொல்லமாட்டீங்களே மிஸ்?” என்று கேட்கிறது. “மாட்டேன்” என்றால்தான் பேசும் போலிருக்கிறது. என்ன சொல்வது?

இந்த ஒரு கேள்வி மட்டும் ஏழு சீட்டில் இருந்தது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் வேலைக்கு வந்த முதல் வருடம். பிளஸ் ஒன் மாணவி ஒருத்தி வந்தாள், இதே கேள்வியைக் கேட்டாள். “சத்தியமா சொல்லமாட்டேன்மா” என்றேன். அப்புறம்தான் விஷயம் வந்தது. தாய்மாமனுக்குப் பேசி முடித்துவிட்டார்கள், அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம். பேசும்போது கையில் பஸ் பாஸை வைத்திருந்தாள். அதன் பிளாஸ்டிக் உறையின் ஓரத்தை நகத்தால் பிய்த்துப் பிய்த்து என் மேஜைமேல் சின்னச் சின்னத் துண்டாகப் போட்டுக்கொண்டே இருந்தாள். அவள் போன பிறகு அதைக் கூட்டி எடுக்கக்கூடக் கை வரவில்லை எனக்கு.

வேறு வழியில்லை, தகவல் கொடுத்தேன். கல்யாணம் நின்றது. பத்து நாள் கழித்துப் பள்ளிக்கு வந்தாள். வராந்தாவில் என்னைப் பார்த்ததும் திரும்பி, தண்ணீர்த் தொட்டிப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வகுப்புக்குப் போனாள். பிளஸ் டூ முடிக்கும்வரை என் அறைப் பக்கம் அவள் வரவே இல்லை.

தகவல் சொன்னது சரிதான். சத்தியம் செய்தேனே, அதுதான் தப்பு. முடியாது என்று தெரிந்த ஒன்றை முடியும் என்று சொல்லி அவள் வாயைத் திறக்க வைத்தேன். அது ஏமாற்று வேலைதான், வேறு பெயர் அதற்கு இல்லை.

இப்போது முதல் இரண்டு நிமிடத்திலேயே சொல்லிவிடுகிறேன்: “நீ சொல்றது நமக்குள்ளேதான் இருக்கும்மா. ஆனா உன் உயிருக்கோ வேற யாரு உயிருக்கோ ஆபத்துன்னாலும், யாராவது உனக்குக் கெடுதல் பண்றாங்கன்னாலும், அதை நான் ஒருத்தியா வெச்சிருக்க முடியாது. அப்படி வேற ஒருத்தர்கிட்ட சொல்ல வேண்டி வந்தா, யாருகிட்ட, எதைச் சொல்லப்போறேன்னு முதல்ல உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்.”

இதைக் கேட்டு எழுந்து போன பிள்ளைகள் உண்டு. பெரும்பாலும் ஒரு வாரத்தில் திரும்பி வந்துவிடுகிறார்கள். சின்ன விஷயம் ஒன்றைச் சொல்லி, அது வெளியே போகிறதா என்று பார்ப்பார்கள். அதில் தேறினால் பெரிய விஷயம் வரும். எல்லை எங்கே இருக்கிறது என்று தெரிந்துதான் பிள்ளை அதைத் தாண்ட வேண்டும். தாண்டிய பிறகு நாம் கோடு கிழிக்கக் கூடாது.

பென்னாகரம், ஆலோசகர்: ஒன்பதாம் வகுப்பு மாணவிக்குக் கல்யாண ஏற்பாடு. கர்நாடகப் பக்கம் ஏதோ கோவிலில் வைத்து முடிக்கப் போகிறார்கள் என்று அவள் தோழி சொன்னாள். நான் அதே ஊர்க்காரி. சொன்னால் ஊரில் இருக்க முடியுமா?

உங்கள் பயம் நியாயமானது. தைரியமாக இருங்கள் என்று வெறுமனே சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசில்லை.

முதலில் செய்யக் கூடாததைச் சொல்கிறேன். நீங்கள் அந்த வீட்டுக்குப் போய்ப் பேசாதீர்கள். நீங்கள் போன அன்று இரவே பிள்ளையை வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், தேதியும் முன்னால் வந்துவிடும். நம் பக்கம் இப்படி நடப்பதைப் பார்த்திருக்கிறேன். நேராக 1098க்கு, குழந்தைகள் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். உங்கள் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. பிள்ளையின் வயது, வீடு, கேள்விப்பட்ட தேதி, கோவில் இருக்கும் ஊர், இவைதான் முக்கியம். எல்லை தாண்டி நடக்கிறது என்பதை மறக்காமல் சொல்லுங்கள், அந்தப் பக்கத்துக்கும் தகவல் போக வேண்டும். குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006இன்படி பெண்ணுக்கு 18, பையனுக்கு 21. நம் மாநிலத்தில் மாவட்ட சமூக நல அலுவலர்தான் தடுப்பு அலுவலர். திருமணத்துக்குத் தடையாணை கேட்டு நீதித்துறை நடுவரிடம் போகவும் 13ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது.

கல்யாணம் நின்றதோடு நம் வேலை முடிவதில்லை. அதற்குப் பிறகுதான் அந்தப் பிள்ளை தனியாக நிற்கும். வீட்டில் திட்டு, ஊரில் பேச்சு, வகுப்பில் கேலி. அடுத்த திங்கட்கிழமை வருகைப் பதிவேட்டில் அவள் பெயரைப் பாருங்கள். வரவில்லையென்றால் அன்றைக்கே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குச் சொல்லுங்கள். நிறுத்திய கல்யாணத்தை மூன்று மாதம் கழித்து ஓசைப்படாமல் நடத்திவிடுகிற வீடுகள் உண்டு.

பெற்றோரிடம் பேச ஒரு பிடிமானம் வேண்டும் என்றால் புதுமைப் பெண் திட்டத்தைச் சொல்லுங்கள். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்கோ பாலிடெக்னிக்குக்கோ ஐடிஐக்கோ போனால் மாதம் 1000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வருகிறது. 2022 செப்டம்பர் முதல் நடக்கிற திட்டம். “படிக்க வெச்சு எங்களுக்கு என்னங்க லாபம்” என்று கேட்ட ஒரு அப்பா, பக்கத்துத் தெருப் பெண்ணுக்கு அந்தப் பணம் வருவதைக் கேட்டுவிட்டு வந்து விண்ணப்பம் எப்போது என்று விசாரித்தார்.

அதே சீட்டின் பின்பக்கம்: கல்யாணம் முடிந்துவிட்டால்?

முடிந்துவிட்டது என்று கைவிட வேண்டாம். அந்தத் திருமணத்தை ரத்து செய்யக் கோரும் உரிமை அவளுக்கு உண்டு, 18 வயது நிறைந்து 2 ஆண்டுக்குள் கேட்க வேண்டும். கணவனே ஆனாலும் 18 வயதுக்குள் உடலுறவு குற்றம்தான் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொல்லிவிட்டது. அவள் பள்ளிக்குத் திரும்ப வந்தால், தாலியைக் காரணம் காட்டி யாரும் வெளியே அனுப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓசூர், தனியார் பள்ளி: பாலியல் தொந்தரவு பற்றி ஒரு மாணவி சொன்னாள். நிர்வாகம் “முதலில் நாமே விசாரிப்போம், பள்ளிப் பெயர் கெட்டுவிடும்” என்கிறது.

விசாரிப்பது பள்ளியின் வேலை இல்லை. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012, 19ஆம் பிரிவின்படி தெரிந்தவர் யாராக இருந்தாலும் காவல் நிலையத்துக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தகவல் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் 21ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். தனக்குக் கீழே வேலை செய்பவர் செய்த குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர்மேல் வழக்குப் போட முடியாது. இதை நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுங்கள். அவர்கள் பதிலுக்காகக் காத்திருக்காதீர்கள், சொல்ல வேண்டிய கடமை உங்களுடையதும்தான்.

பிள்ளையை முதல்வர் முன்னால் ஒருமுறை, தாளாளர் முன்னால் ஒருமுறை, வகுப்பாசிரியர் முன்னால் ஒருமுறை என்று சொல்ல வைக்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் அது மறுபடி நடந்த மாதிரிதான் அதற்கு. அவள் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதி வையுங்கள், “ஏன் அப்பவே சொல்லலை” என்று கேட்காதீர்கள். போலீஸ் என்றதும் பயப்படுவாள். யூனிஃபார்ம் இல்லாமல்தான் வர வேண்டும், கூடியவரை பெண் அதிகாரிதான் வாக்குமூலம் வாங்க வேண்டும், அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அதை அவளுக்குப் புரியும்படி சொல்லுங்கள். தோள் கொஞ்சம் இறங்குவதைக் கண்ணால் பார்ப்பீர்கள்.

ஊத்தங்கரை, ஆசிரியர்: பிளஸ் டூ மாணவனும் மாணவியும் காதலிக்கிறார்கள். பெற்றோருக்குச் சொல்வதுதானே கடமை?

காதல் ஆபத்து இல்லை. ஆனால் நம் ஊரில் அது வீட்டுக்குத் தெரிவது ஆபத்தாக முடியலாம், சாதி வேறாக இருந்தால் கேட்கவே வேண்டாம். ஒரு கடிதத்தைப் பிடித்த வேகத்தில் அப்பாவுக்கு போன் போடுகிறோமே, அந்தப் பிள்ளைக்கு அன்று இரவு வீட்டில் என்ன நடக்கும் என்று ஒரு நிமிடம் யோசிக்கிறோமா? படிப்பு நிற்கும், இல்லையென்றால் அவசரக் கல்யாணம்.

இருவரிடமும் தனித்தனியாகப் பேசுங்கள். மிரட்டல் இருக்கிறதா, போட்டோ வாங்கி வைத்திருக்கிறானா, ஓடிப்போகிற யோசனை இருக்கிறதா என்று கேளுங்கள். 18 வயதுக்கு உட்பட்டவரின் சம்மதத்தைப் போக்சோ சட்டம் சம்மதமாக எடுத்துக்கொள்ளாது என்பதை இரண்டு பேருக்கும் தெளிவாகச் சொல்லுங்கள். நிறையப் பையன்களுக்கு இது தெரியவே தெரியாது. உடலுறவு வரை போயிருக்கிறது என்று சொன்னால் மேலே சொன்ன அதே கடமை வந்துவிடும். அதனால்தான் எல்லையை முதலிலேயே சொல்லுங்கள் என்கிறேன்.

தளி, ஆசிரியை: பிள்ளைக்குக் கன்னடம்தான் சரளம். கூடப் படிக்கும் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்கலாமா?

கூடாது. மதியத்துக்குள் பள்ளி முழுக்கப் பரவிவிடும். கன்னடமோ தெலுங்கோ தெரிந்த ஆசிரியரை, பிள்ளையின் சம்மதம் கேட்டுவிட்டு, அழைத்துக்கொள்ளுங்கள். அவருக்கும் ரகசியக் கட்டுப்பாடு உண்டு என்பதைப் பிள்ளையின் முன்னாலேயே சொல்லுங்கள்.

அரூர், ஆலோசகர்: மணிக்கட்டில் பிளேடு கீறல்கள். “சாகணும்னு தோணுதா” என்று கேட்டால் நாமே அந்த எண்ணத்தைக் கொடுத்த மாதிரி ஆகிவிடாதா?

ஆகாது. நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை, ஏற்கெனவே இருந்தால் சொல்ல ஒரு வழி கிடைக்கும். கீறிக்கொள்கிற எல்லோரும் சாக நினைப்பவர்கள் இல்லை, தாங்க முடியாத ஒன்றைத் தணிக்கச் செய்பவர்களும் உண்டு. எது என்று கேட்டால்தான் தெரியும். எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருக்கிறாளா என்பதையும் கேளுங்கள். ஆமாம் என்றால் ஒரு நிமிடம்கூடத் தனியாக விடாதீர்கள். வீட்டிலிருந்து ஆள் வரும்வரை கூடவே இருங்கள், அன்றே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அனுப்புங்கள். இரவில் பேச 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்.

பெற்றோர் வந்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி, “பூச்சிமருந்து வீட்டுல எங்கே வெச்சிருக்கீங்க?” என்பதுதான். தக்காளி, மா, பருத்தி என்று எல்லா வீட்டிலும் ஒரு டப்பா இருக்கும், பெரும்பாலும் கட்டிலுக்கு அடியில். ஒரு அம்மா நான் கேட்டதும் பதில் சொல்லாமல் எழுந்து, வெளியே போய்க் கணவருக்கு போன் போட்டு, “அதை எடுத்துப் பக்கத்து வீட்ல வெச்சுப் பூட்டுங்க” என்றார். அன்று நான் செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான். பிளஸ் டூ முடிவு வரும் வாரத்தில் இதை எல்லாப் பெற்றோரிடமும் சொல்லலாம்.

கிருஷ்ணகிரி, ஆண் ஆலோசகர்: மாணவிகளோடு பேசும்போது கதவைத் திறந்து வைத்தால் ரகசியம் போகிறது, மூடினால் ஊர்ப் பேச்சு வருகிறது.

வெளியே இருப்பவர்களுக்கு நீங்கள் இருவரும் தெரிய வேண்டும், பேசுவது கேட்கக் கூடாது. மைதானத்து வேப்பமரத்தடி பெஞ்ச் போதும். அறைதான் என்றால் கண்ணாடி வைத்த கதவு கேளுங்கள்.

ஓசூர், ஆலோசகர்: மகனுக்கு ஆண்கள்மேல்தான் ஈர்ப்பு என்று தெரிந்து, “கவுன்சலிங் கொடுத்து மாத்திக் கொடுங்க” என்று பெற்றோர் அழுகிறார்கள்.

மாற்றுகிறேன் என்று ஒப்புக்கொள்ளாதீர்கள், முயற்சிக்கிறேன் என்றும் சொல்லாதீர்கள். அப்படி மாற்ற முயலும் சிகிச்சையைத் தடை செய்யும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7 அன்று உத்தரவிட்டது. அந்த வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இதில் புரிதல் போதாது என்று சொல்லி, உளவியலாளர் ஒருவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்ட பிறகுதான் தீர்ப்பு எழுதினார். பெற்றோரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். “ஜட்ஜே உட்கார்ந்து கத்துக்கிட்டாரா” என்று கேட்டு ஒரு அப்பா வெகுநேரம் பேசாமல் இருந்தார். பையனிடம் கேட்காமல் வேறு யாருக்கும் இதைத் தெரிவிக்க உங்களுக்கு உரிமை இல்லை, வகுப்பாசிரியருக்கும்கூட.

காரிமங்கலம், ஆசிரியை: தலைமை ஆசிரியர் வாரம் ஒருமுறை “யார் யார் வந்தாங்க, என்ன சொன்னாங்க” என்று நோட்டைக் கேட்கிறார்.

எண்ணிக்கையைக் கொடுங்கள்: இத்தனை பேர் வந்தார்கள், தேர்வுப் பயம் இத்தனை, வீட்டுப் பிரச்சினை இத்தனை. நோட்டு உங்கள் பூட்டில் இருக்கட்டும். இன்னொன்று, என்றாவது நீதிமன்றம் அதைக் கேட்கலாம். அதனால் பிள்ளை சொன்னதையும் நீங்கள் செய்ததையும் மட்டும் எழுதுங்கள். “ஒழுக்கம் சரியில்லாத குடும்பம்” போன்ற வரிகள் அதில் இருக்கவே கூடாது.

மொரப்பூர், ஆலோசகர்: இன்னும் கற்றுக்கொள்ள எங்கே போவது? சில நாள் பிள்ளைகள் சொன்னது மனசைவிட்டுப் போகாமல் தூக்கமே வருவதில்லை.

கற்பதற்கு, ஓசூரைத் தாண்டினால் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம். அங்கே ‘சம்வாத்’ என்ற பிரிவு குழந்தைகளோடு வேலை செய்பவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறது. இரண்டு நாள் பயிற்சியை வைத்துக்கொண்டு யாரும் தன்னை மனநல நிபுணர் என்று போட்டுக்கொள்ளக் கூடாது. மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கழகப் பதிவு வேண்டும். நம் எல்லைக்கு மேலே போகும்போது அனுப்பிவைப்பதும் நம் வேலைதான்.

தூக்கத்துக்கு, தனியாகச் சுமக்காதீர்கள். நாங்கள் ஐந்து பேர் மாதம் ஒரு ஞாயிறு தர்மபுரியில் உட்கார்ந்து பேசுகிறோம். வாட்ஸப்பில் ஒரு வார்த்தை கிடையாது. பெயர் சொல்வதில்லை, ஆனால் அது மட்டும் போதாது என்று ஒருநாள் தெரிந்தது. “மலையிலிருந்து வருகிற, கபடி ஆடுகிற பெண்” என்று நான் ஆரம்பித்ததுமே இரண்டு பேருக்கு யாரென்று புரிந்துவிட்டது. இப்போது ஊர், விளையாட்டு, அப்பா தொழில் எல்லாவற்றையும் மாற்றித்தான் பேசுகிறோம். அடுத்த கூட்டத்துக்கு நீங்களும் வாருங்கள். மொரப்பூரிலிருந்து வருவதாக மட்டும் முதலில் சொல்லிக்கொள்ளாதீர்கள்.