பால்கனிப் புறாக்கள்: கேள்வி பதில்

கட்டடங்களில் பறவைத் தடுப்பு வேலை செய்கிறேன். வலை கட்டுவது, முள் பட்டை ஒட்டுவது, சோலார் பேனலின் அடியை மூடுவது, எச்சம் மண்டிய டக்ட்டைச் சுத்தம் செய்வது என்று எல்லாம் உண்டு. ஐப்பசி மழை தொடங்கும் முன் இந்தக் கேள்விகள் அதிகமாக வரும். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

வேளச்சேரி, நான்காவது மாடி: அண்ணா, எத்தனை முறை துரத்தினாலும் அதே ஜோடி திரும்பி வருகிறது. பக்கத்து பால்கனி சும்மா கிடக்கிறது. எங்கள் பால்கனியில் அப்படி என்ன இருக்கிறது?

பெரும்பாலும் ஏசி அவுட்டோர் யூனிட் இருக்கும், இல்லையென்றால் மேலே லாஃப்ட் மாதிரி ஒரு மூலை இருக்கும். மாடப்புறாவின் பூர்வீகம் பாறை முகடுகள். குஞ்சுக்கு அது தேடுவது மேலே மறைப்பு, கீழே சமதளம், பின்னால் சுவர், இவ்வளவுதான். ஏசியின் பின்புறமும் சன்ஷேடும் டக்ட்டுக்குள் போகும் குழாய்களும் அதற்கு அப்படியே பாறை இடுக்குகள்தான்.

இன்னொரு காரணம், இடம் பிடித்துப்போன ஜோடி அதை லேசில் விடாது. ஒரு ஈட்டுக்கு இரண்டு முட்டை. ஏறத்தாழ 18 நாளில் பொரிக்கும். குஞ்சு பறக்க இன்னும் ஒரு மாதம், சில சமயம் கொஞ்சம் கூடுதலாகவும் ஆகும். முதல் ஈட்டுக் குஞ்சு கூட்டை விடும் முன்பே அடுத்த ஈட்டுக்கு முட்டை வந்துவிடுவதும் உண்டு. ஆணும் பெண்ணும் தொண்டைப் பையில் சுரக்கும் பால் போன்ற ஒன்றைக் குஞ்சுக்கு ஊட்டுகின்றன. அதனால் பூச்சி கிடைக்கும் பருவத்துக்காக அவை காத்திருக்க வேண்டியதில்லை. நம் ஊர் வெயிலில் வருடம் முழுவதும் குஞ்சுதான்.

ஆகவே துரத்துவதில் பயனில்லை. குச்சி கொண்டுவரத் தொடங்கும் அந்தச் சில நாட்களைத் தவறவிடாதீர்கள். தரையில் நாலு குச்சி கிடந்தால் அன்றைக்கே எடுத்துவிட்டு, அந்த இடுக்கை அட்டையோ பலகையோ வைத்து மறித்துவிடுங்கள். முட்டை விழுந்த பிறகு உங்களுக்கும் கஷ்டம், அதற்கும் கஷ்டம்.

திருவான்மியூர்: வலை போட மூன்று பேரிடம் விலை கேட்டோம். ஒருவர் சொன்னதில் பாதிதான் இன்னொருவர் சொல்கிறார். எதைப் பார்த்து முடிவு செய்வது?

சதுர அடி விலையை மட்டும் கேட்டால் ஏமாந்துதான் போவீர்கள். முதலில் கண்ணியின், அதாவது வலையின் ஓட்டையின், அளவைக் கேளுங்கள். புறாவுக்கு 50 மில்லிமீட்டர் கண்ணி போதும். மைனாவையும் தடுக்க வேண்டுமென்றால் இன்னும் சிறியது வேண்டும். ஆனால் கண்ணி சிறியதாக ஆக வலை கனக்கும், காற்றையும் வாங்கும், வெளிச்சமும் குறையும்.

அடுத்து வலையின் நூல். வெயிலைத் தாங்கும் புற ஊதாப் பாதுகாப்பு கொடுத்த வலையா என்று கேளுங்கள். இல்லாத வலை சில கோடையிலேயே நொறுங்கி, தொட்டாலே அறுந்து வரும். பெரிய விலை வித்தியாசம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

மூன்றாவது, யாரும் கேட்காதது, வலையைப் பிடிக்கும் கொக்கியும் ஓரக் கம்பியும். நீங்கள் கடலோரம் இருக்கிறீர்கள். சாதா இரும்புக் கொக்கி உப்புக் காற்றில் துருப்பிடித்து, சுவரில் பழுப்புக் கோடு இறங்கி, கடைசியில் வலையோடு கழன்று வரும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வலையைச் சுற்றி நாலு பக்கமும் கம்பி ஓட வேண்டும், அந்தக் கம்பியோடு வலையை நெருக்கமாகக் கட்ட வேண்டும். கொக்கியில் வலையை நேரடியாக மாட்டிவிட்டுப் போனால் இரண்டு கொக்கிக்கு நடுவே தொய்வு விழும். அந்தத் தொய்வில்தான் புறா தலையை நுழைக்கும், சிக்கும், சாகும். கட்டி முடித்ததும் நடுவில் உள்ளங்கையால் தட்டிப் பாருங்கள், விறைப்பாக இருக்க வேண்டும். ஓரத்தில் எங்கேயாவது உங்கள் கை நுழைந்தால் புறாவும் நுழையும்.

ஏசி மெக்கானிக் கை விட ஒரு திறப்பு வைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் முதல் சர்வீஸுக்கே அவர் வலையை அறுத்துவிடுவார்.

இரண்டு எச்சரிக்கை. புறா வலை குழந்தையைத் தாங்காது, அதற்கு வேறு வலை இருக்கிறது. அப்புறம், நான்காவது மாடி சன்ஷேடில் பெல்ட்டும் கயிறும் இல்லாமல் ஏறி நின்று வேலை செய்யும் பையன்களைத் தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். மலிவான கூலி அப்படித்தான் மலிவாகிறது. விழுந்தால் ஒரு குடும்பமே போய்விடும்.

அண்ணா நகர்: அல்ட்ராசானிக் கருவி, ஆந்தை பொம்மை, பழைய சிடி, பாச்சா உருண்டை. இவற்றில் எது நல்லது?

எதுவும் வேண்டாம். நம் காதுக்கே எட்டாத அந்த உயர்ந்த ஒலி புறாவின் காதுக்கும் எட்டாது. ஆந்தை பொம்மை அசையாது என்பதைச் சில நாளில் புரிந்துகொள்ளும், பிறகு அதன் தலை மேலேயே உட்காரும். சிடியும் மினுங்கும் நாடாவும் புதிதாக வந்து பார்க்கும் புறாவைக் கொஞ்ச நாள் தயங்க வைக்கும், குடியேறிவிட்டதை அசைக்காது. பாச்சா உருண்டை வீட்டிலிருப்பவர்களின் மூச்சுக்குத்தான் கேடு. ஒட்டும் பசை தடவுவது இவை எல்லாவற்றையும்விட மோசம். சின்னப் பறவைகள் இறகு ஒட்டி, பறக்க முடியாமல் துடித்துச் செத்துப்போகும்.

தாம்பரம்: சன்ஷேடு முழுக்க முள் பட்டை ஒட்டினோம். இப்போது அந்த முள் மேலேயே கூடு கட்டியிருக்கிறது!

சன்ஷேடு இரண்டடி அகலம் இருக்கும், நீங்கள் ஒரு வரிசை ஒட்டியிருப்பீர்கள். முள் பட்டை குறுகலான விளிம்புக்கானது: பாரபெட் சுவரின் மேல்புறம், ஜன்னல் திட்டு, போர்டு, குழாய். அகலமான தளத்தில் ஒரு வரிசை போட்டால் அதன் பின்னால் வசதியாக இடம் கிடைக்கும், முள்ளும் குச்சியைப் பிடித்துக்கொடுக்கும். வரிசைக்கு வரிசை இடைவெளி இல்லாமல் போட்டால் தடுக்கும், ஆனால் அந்தச் செலவில் வலையே கட்டிவிடலாம். இல்லையென்றால் தளத்தின் மேல் 45 பாகைக்குக் குறையாத சரிவாக ஒரு தகடு வைத்து மூடுங்கள், உட்காரவே முடியாது.

ஒட்டும் முன் பழைய எச்சத்தையும் உதிரும் பெயிண்டையும் சுரண்டியெடுக்க வேண்டும். தூசி மேல் ஒட்டினால் அடுத்த மழைக்கு முள் தெருவில் கிடக்கும்.

மயிலாப்பூர்: தம்பி, குளியலறை ஜன்னலில் முட்டை வைத்திருக்கிறது. வலைக்காரர் எடுத்துப் போட்டுவிடலாம் என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. என்ன செய்யட்டும்?

எடுக்க வேண்டாம் அம்மா. குஞ்சு பறக்கும் வரை ஏழு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த ஜன்னலைச் சாத்தி வையுங்கள். கூட்டைச் சுற்றித் தடித்த அட்டையோ பழைய செய்தித்தாளோ விரித்துவிட்டால் பிறகு சுத்தம் செய்வது சுலபம். மஞ்சள் ரோமம் எல்லாம் உதிர்ந்து, பெரிய புறா மாதிரியே இறகு வந்து, குஞ்சு விளிம்பில் நின்று சிறகடிக்கத் தொடங்கியதும் வலைக்காரருக்குச் சொல்லி வைத்துவிடுங்கள். பறந்த அன்றே கூட்டை எடுத்து, கழுவி, வலை கட்டிவிட வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் அடுத்த முட்டை வந்து நிற்கும்.

உயிருள்ள கூட்டை உள்ளே வைத்து வலையை மூடுபவர்கள் இருக்கிறார்கள். தாய் வெளியே மோதிக்கொண்டிருக்கும், குஞ்சு உள்ளே பட்டினியில் சாகும். நாற்றம் வந்த பிறகுதான் வீட்டுக்காரர்களுக்கே தெரியும். எங்கே வேலைக்குப் போனாலும் ஏசியின் பின்னால் டார்ச் அடித்துப் பார்க்காமல் நான் ஆணி அடிப்பதில்லை.

போரூர்: மாமியாருக்கு மாதக்கணக்கில் வறட்டு இருமல், படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. டாக்டர் “வீட்டில் புறா வருமா” என்று கேட்டார். அவ்வளவு ஆபத்தா?

டாக்டர் கேட்டது மிகச் சரியான கேள்வி. புறாவின் எச்சத்திலும் இறகுத் தூளிலும் உள்ள புரதங்கள் சிலருக்கு நுரையீரல் ஒவ்வாமையை உண்டாக்கும். எல்லோருக்கும் வராது. வருபவர்களுக்கு, தூசியை மூச்சில் இழுத்துக்கொண்டே இருந்தால் நுரையீரலில் தழும்பு விழும், அது மீளாது. எனவே புறா வரும் இடம், எத்தனை வருடமாக வருகிறது, யார் பெருக்குகிறார்கள் என்பதையெல்லாம் டாக்டரிடம் விவரமாகச் சொல்லுங்கள். மருந்தோடு அந்தத் தூசியிலிருந்து விலகுவதும் சிகிச்சையில் முக்கியமான பகுதி. இது தவிர, எச்சம் மண்டிய இடத்தில் வளரும் சில பூஞ்சைகளும் நுரையீரலுக்கு ஆகாது. எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது.

சுத்தம் செய்யும் முறைதான் எல்லாவற்றிலும் முக்கியம். காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்கவே பெருக்காதீர்கள். வீட்டுக்குள் திறக்கும் கதவு, ஜன்னலைச் சாத்திவிட்டு, சோப்புத் தண்ணீரை மெதுவாகத் தெளித்து நன்றாக ஊற விடுங்கள். பீய்ச்சி அடித்தால் தூள் பறக்கும். ஊறியதும் ஈரத்தோடு சுரண்டிப் பையில் கட்டுங்கள். என்95 மாஸ்க், கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி மூன்றும் வேண்டும். கடைசியாக பிளீச்சிங் கரைசல் விட்டுக் கழுவலாம், ஆனால் அதோடு ஆசிட்டைக் கலந்துவிடாதீர்கள், விஷ வாயு வரும். உங்கள் மாமியார் அந்தச் சமயம் வேறு வீட்டில் இருக்கட்டும். வீட்டு வேலை செய்யும் அம்மாவிடம் வெறும் துடைப்பத்தைக் கொடுத்து இந்த வேலையைத் தள்ளிவிடாதீர்கள், அவருக்கும் நுரையீரல் ஒன்றுதான்.

கோயம்புத்தூர்: சோலார் பேனலுக்கு அடியில் புறாக் குடும்பங்கள். கரண்ட் உற்பத்தியும் குறைந்த மாதிரி இருக்கிறது.

எச்சம் படிந்த பகுதி நிழல் விழுந்த மாதிரிதான், உற்பத்தி குறையும், அந்த இடம் சூடேறி பேனலும் கெடலாம். கூட்டைக் காலி செய்து கழுவிய பின் பேனலின் சுற்று விளிம்புக்கும் தளத்துக்கும் இடையே கம்பி வலையால் மூடுங்கள். பேனல் சட்டத்தில் துளை போடாதீர்கள், வாரண்டி போய்விடும். அதற்கென்றே கிளிப் கிடைக்கிறது. வெயில் ஏறிய பேனலில் குளிர்ந்த தண்ணீர் ஊற்ற வேண்டாம், காலையில் கழுவுங்கள்.

நாகர்கோவில்: ஓட்டு வீடு. கூரை விளிம்பில் மழைத்தண்ணீர் ஓடும் தகரத்தில் மைனாவும் புறாவும் வைக்கோலை அடைத்துவிடுகின்றன. தண்ணீர் சுவரில் இறங்குகிறது.

உங்களுக்கு இரண்டு பருவமழையும் உண்டு, அதனால் மே மாதக் கடைசியில் ஒரு தடவை, புரட்டாசியில் ஒரு தடவை தகரத்தைக் காலி செய்யுங்கள். தகரத்தின் மேல் சல்லடைக் கம்பி வலையை ஓட்டின் சரிவையொட்டிச் சாய்வாகப் பொருத்தினால் கூடும் கட்ட முடியாது, சருகும் வழுக்கி வெளியே விழும். கீழே இறங்கும் குழாயின் வாயில் குமிழ் மாதிரி மேலெழும்பிய கம்பிச் சல்லடை வையுங்கள். தட்டையான சல்லடை ஒரே இலையில் மூடிக்கொள்ளும். ஓட்டுக்கும் தகரத்துக்கும் இடையில் உள்ள சந்துகளையும் அடைத்துவிடுங்கள், மைனா அதற்குள்ளேதான் புகும்.

மொட்டை மாடி வீட்டுக்காரர்களுக்கும் இது பொருந்தும். இறகும் குச்சியும் தண்ணீர் போகும் துளையை அடைத்தால் மாடியில் தண்ணீர் நிற்கும், கூரை ஒழுகும், டெங்கு கொசுவும் வரும். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் பல வீடுகளில் மாடித் தண்ணீர் தொட்டிக்குப் போகிறது. எச்சத்தைக் கழுவிக்கொண்டு வரும் முதல் மழையைத் திருப்பி வெளியே விட ஒரு வால்வு கட்டாயம் வையுங்கள்.

கும்பகோணம்: கோபுரத்தில் அரசஞ்செடி முளைப்பது புறா எச்சத்தால்தான் என்கிறார்கள். உண்மையா சார்?

பெரும்பாலும் இல்லை. புறா தின்னும் விதை அதன் இரைப்பையில் கல்லோடு சேர்ந்து அரைபட்டுவிடும். ஆல், அரசு பழங்களைத் தின்று விதையை முழுசாக வெளியேற்றுவது மைனா, குயில், காகம், கொண்டைக்குருவி போன்றவை. புறாவின் எச்சம் சுதையையும் வண்ணத்தையும் அரிக்கும், அது வேறு விஷயம். செடியைச் சின்னதிலேயே வேரோடு எடுத்து, வெடிப்பைச் சுண்ணாம்புச் சாந்தால் மூட வேண்டும். பழைய கோபுரத்தில் ஆணி அடித்து எதையும் மாட்டாதீர்கள், ஸ்தபதியைக் கேட்காமல் கை வைக்கக் கூடாது.

மடிப்பாக்கம், அசோசியேஷன் செயலாளர்: ஒருவர் தினமும் மாடியில் புறாக்களுக்கு மூட்டை மூட்டையாகக் கம்பு தானியம் போடுகிறார். சொன்னால் “புண்ணியத்தைத் தடுக்கிறீர்கள்” என்கிறார். நாங்கள் வலைக்குச் செலவழித்து என்ன பயன்?

நீங்கள் கேட்டதுதான் ஆணிவேர். ஓர் ஊரில் எத்தனை புறா இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது தீனி. சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரத்தில் 1961 முதல் 1985 வரை சுமார் ஒரு லட்சம் புறாக்களைக் கொன்றார்கள். எண்ணிக்கை குறையவே இல்லை. தீனி இருந்ததால் செத்த புறாவின் இடத்தை இளம் புறா பிடித்துக்கொண்டே இருந்தது. 1988-ல் வேறு வழியை எடுத்தார்கள். தீனி போடுவது புறாவுக்கே கெடுதல், நெரிசலில் நோயும் ஒட்டுண்ணியும் பெருகுகின்றன என்று மக்களிடம் விடாமல் எடுத்துச் சொன்னார்கள். நாலு வருடத்தில் புறாக்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன. லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் 2003-லும் வெனிஸின் சான் மார்க்கோ சதுக்கத்தில் 2008-லும் தடை வந்ததும் தீனிக்குத்தான்.

நம் நாட்டில் இது மனசைத் தொடும் விஷயம். 2025-ல் மும்பை தாதரில் புறாக்களுக்குத் தீனி போடும் இடமான கபூத்தர்கானாவை மூடியபோது பெரிய போராட்டமே நடந்தது. அதனால் அந்த மனிதரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், அவர் நல்ல மனசோடுதான் செய்கிறார். அமாவாசைக்குக் காகத்துக்கு ஒரு கவளம் வைப்பதில் கெடுதல் இல்லை, வைத்த நிமிஷமே காலியாகிவிடும். மூட்டைக் கம்பு வேறு: அது ஊர்ப் புறாவை எல்லாம் ஒரே மாடிக்கு அழைக்கிறது, கீழ்வீட்டில் ஆஸ்துமாக் குழந்தை இருக்கலாம். அதை அவர் வீட்டுக்கே போய்ச் சொல்லுங்கள். தண்ணீர்த் தட்டு வைக்கட்டும், கோடையில் எல்லாப் பறவைக்கும் அது உதவும். தீனியை ஒரே நாளில் நிறுத்தாமல் சில வாரங்களில் அளவைக் குறைத்துக்கொண்டே வந்தால் புறாக்கள் வேறு இடம் தேடிக்கொள்ளும்.

ஆவடி: விஷம் வைத்தால் என்ன?

கூடாது. 1960-ஆம் வருடத்து மிருகவதைத் தடைச் சட்டம் புறாவுக்கும் உண்டு. விஷம் தின்ற புறாவைத் தின்னும் பூனை, பருந்து, கூகை எல்லாம் சேர்ந்து சாகும்.

அம்பத்தூர்: ஏசி குழாய் போகும் துளையில் சிட்டுக்குருவி கூடு. இதற்கும் வலையா?

குருவியை விட்டுவிடுங்கள். அதன் எச்சம் கொஞ்சம், இருக்கும் இடமும் கொஞ்சம். துளையை மூடித்தான் ஆக வேண்டும் என்றால் குஞ்சு பறந்த பிறகு மூடிவிட்டு, பக்கத்திலேயே ஒரு மரக் கூட்டுப் பெட்டி மாட்டுங்கள். வாசல் துளை 32 மில்லிமீட்டர் இருந்தால் குருவி நுழையும், மைனா நுழையாது.

பெருங்குடி: வலைக்குள்ளே ஒரு புறா மாட்டிக்கொண்டது. எப்படி வெளியே விடுவது?

கைதட்டி விரட்டாதீர்கள், வலையில் மோதி இறக்கை ஒடியும். வலையின் மேல் மூலையில் கட்டு ஒன்றை அவிழ்த்துவிட்டு, வீட்டு விளக்கை அணைத்து, பால்கனிக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய்விடுங்கள். வெளிச்சத்தைப் பார்த்துத் தானே போய்விடும். நூலில் கால் சிக்கியிருந்தால் ஒரு துணியைப் போட்டு மூடி, இரண்டு இறக்கையும் உடம்போடு ஒட்டியிருக்கும்படி பிடித்து, வலையை வெட்டி எடுங்கள், காலை இழுக்காதீர்கள். பிறகு வெட்டிய இடத்தை அன்றைக்கே முடிந்து தைத்துவிடுங்கள், உள்ளே எந்தச் சந்து வழியாக வந்தது என்றும் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் ஏசி குழாய் ஓரத்தில்தான் இருக்கும்.